ஸ்கூட்டரை நிறுத்தி ஆறு மாதம்: ஒரு அலுவலகத் திட்டமும் அழகுபடுத்திய ஒரு சாலையும்

குன்னூரை அடுத்த அருவங்காட்டில் வீடு, ஊட்டியில் வேலை. பதினோரு வருடமாக ஸ்கூட்டரில்தான் போய் வந்தேன். சென்ற ஏப்ரலில் எங்கள் அலுவலகம் ஒரு திட்டத்தை அறிவித்தது. சொந்த வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்களுக்குப் புள்ளி. மாதம் நூறு புள்ளி சேர்ந்தால் மளிகைக் கூப்பன். அலுவலகம் இருக்கும் சாலையை அழகுபடுத்தும் வேலையும் அதே மாதம்தான் முடிந்தது. புதிய நடைபாதை, பூத்தொட்டி, வேலைப்பாடு செய்த விளக்குக் கம்பம் என்று சாலை பளபளத்தது. இரண்டையும் ஆறு மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கூப்பனுக்காகத்தான் சேர்ந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பஸ்ஸுக்கு ஒரு வழிக்கு இரண்டு புள்ளி, மூன்று பேர் சேர்ந்து ஒரே காரில் வந்தால் இரண்டு, நடைக்கு மூன்று, சைக்கிளுக்கு ஐந்து. இந்தக் கணக்கைப் போட்டவர் சமவெளியில் இருக்கிறார் என்பது அந்த ஐந்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர், ஊட்டி சுமார் 2,240. காலையில் அந்த ஏற்றத்தை மிதித்து வருகிறவருக்குப் புள்ளி போதாது, பிராணவாயு சிலிண்டர் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் கியர் சைக்கிள்கள் ஆறு வந்து இறங்கின. எங்கள் பிரிவில் இருக்கும் தம்பி ஒருவர் பத்து நாள் ஓட்டினார். எல்லநள்ளி ஏற்றத்தில் ஒருநாள் காட்டெருமைக் கூட்டம் எதிரே வந்தது. மறுநாள் முதல் அவரும் பஸ்தான். சைக்கிள்கள் இப்போது மாடிப்படிக்குக் கீழே நிற்கின்றன. மழைக்கோட்டு காயப்போட வசதியாக இருக்கின்றன.

நடையை அளக்கும் செயலியும் அதே சமவெளிச் சரக்கு. ஊட்டியின் சேரிங் கிராஸ் சந்திப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி அலுவலகத்துக்கு ஏற ஒரு படிக்கட்டு வழி உண்டு. 134 படிகள். மூச்சு வாங்கும்போது எண்ணத்தான் தோன்றும், எண்ணிவிட்டேன். செயலி இதை நாற்பது மீட்டர் என்று பதிவு செய்கிறது. மேலே இருந்து வரைபடத்தைப் பார்த்தால் அவ்வளவுதானே! அரைக் கிலோமீட்டருக்குக் குறைந்தால் புள்ளி இல்லை. சாலை வழியாகச் சுற்றி வந்தால் எண்ணூறு மீட்டர், முழுப் புள்ளி. ஆகவே ஐந்து நிமிடப் படிக்கட்டை விட்டுவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் அழகுபடுத்திய சாலையில் நடக்க ஆரம்பித்தேன். அந்தச் சாலையைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்திருப்பதற்குச் செயலிதான் காரணம்.

பஸ்ஸைப் பற்றிப் பெரிய குறை இல்லை. காலையில் உட்கார இடம் கிடைக்காது. வேலி வியூ தாண்டும்போது கூட்டம் மூச்சு முட்டும். ஆனாலும் ஜன்னலோரம் நின்றுவிட்டால் கேத்திப் பள்ளத்தாக்கில் பனி கலைவதைப் பார்த்துக்கொண்டே வரலாம். ஸ்கூட்டரில் போனபோது பதினோரு வருடமும் எதிரே வரும் லாரியின் முகப்பைத்தான் பார்த்திருக்கிறேன். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2021-இல் தொடங்கியது. மலைப்பகுதியான எங்களுக்கு 2024-இல்தான் வந்து சேர்ந்தது. எந்த பஸ்ஸில் அது செல்லும், எதில் செல்லாது என்பதைப் படியில் கால் வைக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. “அக்கா, இதற்கு டிக்கெட் எடுக்க வேண்டும், பரவாயில்லையா?” என்று கண்டக்டர் தம்பியே இப்போது முந்திக்கொள்கிறார்.

மலை ரயிலுக்கும் புள்ளி உண்டு. குன்னூர் வரை 1899-இலும் ஊட்டி வரை 1908-இலும் வந்த பாதை, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, எங்கள் ஊரிலேயே ஸ்டேஷன். ஆனால் அதன் நேரமும் என் அலுவலக நேரமும் ஒத்துப்போவதில்லை. நான்கு முறை ஏறினேன். நான்கு முறையும் யாரோ ஒரு வெளியூர்க் குடும்பத்துக்குப் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே லவ்டேலைக் கடந்தேன்.

மே மாதம் சோதனைக் காலம். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் நாளுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிகள் இந்தக் கணக்கில் வருவதில்லை. பஸ்ஸில் நின்றபடி நெரிசலை எண்ணிப் பார்த்தால், வெளியூர்ப் பலகைகளுக்கு நடுவே எங்கள் டிஎன் 43 வண்டிகளும் வரிசையாக நிற்கின்றன. சீசன் கூட்டத்தைத் திட்டும் நாங்கள் ஆளுக்கொரு வண்டியில் தனியாக உட்கார்ந்துதான் திட்டிக்கொண்டிருக்கிறோம். நானும் போன வருடம் வரை அந்த வரிசையில்தான் இருந்தேன்.

இத்தனைக்கும் நான் திட்டத்தை விட்டு வெளியேறாமல் இருந்ததற்குக் காரணம் கூப்பன் இல்லை, மூன்றாம் பக்கத்தில் இருந்த ஒரு விதி. வண்டியில்லாமல் வந்த நாளில் அவசரமாக வீட்டுக்குப் போக நேர்ந்தால் டாக்ஸிக் கட்டணத்தை அலுவலகம் தரும், வருடத்துக்கு நான்கு முறை. ஜூன் மாதம் ஒருநாள் மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தது: மகளுக்குக் காய்ச்சல், வாந்தி. எழுந்து நின்றதும் கை தன்னிச்சையாக ஸ்கூட்டர் சாவியைத் தேடியது. சாவி அருவங்காட்டில். அலுவலக வாசலில் இருக்கும் அண்ணன் எனக்கு முன்பே டாக்ஸிக்குச் சொல்லிவிட்டார். பத்து நிமிடத்தில் வண்டி வந்தது. மாலையில் ரசீதைக் கொடுத்தேன், மறுநாள் பணம் வந்தது. ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. பதினோரு வருடமும் நான் ஸ்கூட்டரை ஓட்டியது இப்படி ஒரு மதியத்துக்காகத்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அப்படிப்பட்ட மதியம் வருடத்தில் ஒன்றோ இரண்டோ. அதற்காக முந்நூறு நாள் பெட்ரோல் போட்டிருக்கிறேன். இதே போன்ற திட்டம் வைத்திருக்கும் மற்ற அலுவலகங்கள் புள்ளி, செயலி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாலும் இந்த ஒரு விதியை வைத்துக்கொள்ளட்டும்.

இனி சாலை. மேல்பாதியைச் செய்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. சொரசொரப்பான கருங்கல் பலகை போட்டிருக்கிறார்கள், மழையிலும் கால் பிடிக்கிறது. பழைய சைப்ரஸ் மரங்கள் மூன்றை வெட்டாமல் நடைபாதையை வளைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மலைப்பக்க வடிகாலுக்குத் துளையிட்ட மூடி. விளக்கு உயரம் குறைவு, வெளிச்சம் காலடியில் விழுகிறது.

கீழ்ப்பாதி வேறு கை. மின்னும் டைல்ஸ். முதல் வாரம் சுற்றுலாப் பயணிகள் அங்கே நின்று படம் எடுத்தார்கள். ஜூன் தூறல் தொடங்கியதும் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பாசி படர்ந்தது. ஜூலையில் நான் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டு வீங்கி ஒன்பது நாள் கட்டு. ஸ்கூட்டரும் ஓட்ட முடியாது, கம்பியைப் பிடித்து பஸ்ஸில் நிற்கவும் முடியாது. அந்த ஒன்பது நாளும் சக ஊழியரின் காரில் வந்தேன். செயலி அதற்கும் இரண்டு புள்ளி கொடுத்தது.

கட்டைப் பிரித்ததும் வீட்டுத் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் நடைபாதை நெறிமுறை, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. விளிம்பு உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இங்கே நடைபாதையின் மொத்த அகலம் ஐந்தரை அடி. அதில் பூத்தொட்டி இரண்டடி, விளக்குக் கம்பத்தின் பீடம் ஓரடி. மிச்சம் இரண்டரை அடி. விரித்த குடையே மூன்றடிக்கு மேல். எதிரெதிரே இரண்டு குடை வந்தால் ஒருவர் சாலையில் இறங்க வேண்டும். இறங்கும் உயரம் பதினோரு அங்குலம், அனுமதித்ததற்கு ஏறக்குறைய இரண்டு பங்கு. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடையோடு, சாப்பாட்டுப் பையோடு இறங்கிப் பாருங்கள். தொட்டிகளில் இருக்கும் ஹைட்ரேஞ்சியா மட்டும் வாட்டமில்லாமல் பூத்துக் குலுங்குகிறது.

நிழற்குடையைப் பற்றி ஒரு வரி போதும்: மேற்குப் பக்கம் திறப்பு, தென்மேற்கு மழை சாய்வாக அடிப்பது அதே பக்கத்திலிருந்து.

என்னைப் பயமுறுத்தியது தடுப்புச்சுவர். மண்சரிவைத் தாங்க எழுப்பிய பழைய கல்சுவர் அது. சாந்து பூசி, வெள்ளை அடித்து, தோடர் எம்பிராய்டரி போலச் சிவப்பும் கறுப்புமாகக் கோலம் வரைந்திருக்கிறார்கள். வரைந்தவர் கைக்காரர், சந்தேகமில்லை. ஆனால் பூசும்போது சுவரில் இருந்த தண்ணீர் வடியும் துளைகளை எல்லாம் அடைத்துவிட்டார்கள். மலைச்சுவருக்கு அந்தத் துளைதான் உயிர். மண்ணுக்குள் இறங்கிய மழை அதன் வழியே வெளியேறாவிட்டால் பாரம் முழுவதும் சுவரைத் தள்ளும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் சரிந்த மண்ணைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்டில் சிவப்புக் கோலத்துக்கு நடுவே ஈரத்திட்டு தெரிந்தது. பிறகு சுவர் லேசாக வயிறு தள்ளியது. மனு எழுதிக் கொடுத்தேன். செப்டம்பர் முதல் வாரம் ஒரு மேஸ்திரி உளியோடு வந்து துளைகளைத் திறந்தார். முதல் துளையிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி அடித்து அவர் சட்டையை நனைத்தது. “அம்மா, இன்னும் ஒரு மழை பெய்திருந்தால் சுவர் உட்கார்ந்திருக்கும்” என்றார். கோலத்தில் இப்போது வரிசையாக ஓட்டைகள். எனக்கு அதுதான் அழகாகத் தெரிகிறது.

மதிப்பெண் கேட்டால்: திட்டத்துக்கு ஐந்துக்கு நான்கு, அதில் மூன்று அந்த டாக்ஸி விதிக்கு. சாலையின் மேல்பாதிக்கு நான்கரை, கீழ்ப்பாதிக்கு ஒன்று.

போன வாரம் அடுத்த ஆறு மாதத்துக்கான படிவம் வந்தது. பஸ் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். ‘சைக்கிள் தேவையா?’ என்ற கேள்விக்கு எதிரே, படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடி தேவை என்று எழுதியிருக்கிறேன்.