சோலையோரத்தில் இரண்டு மழைக்காலம்: ஸ்பெக்ட்ரோகிராம் பயன்படுத்திய அனுபவம்

தவளைச் சத்தம் பதிவு செய்து ஆராய இந்த செட்டப் வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். உள்ளங்கை அளவுப் பதிவுக் கருவி, மெமரி கார்டு, கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருள், அவ்வளவுதான். அது ஒலியை ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது நேரம் குறுக்கேயும் அலைவெண் நெடுக்கேயும் ஓடும் படமாகக் காட்டும். கோத்தகிரி லாங்வுட் சோலைப் பக்கம், தேயிலை ஓரத்தில் இரண்டு மழைக்காலம் ஓடியாயிற்று. சொல்ல வேண்டியது ஒன்றுதான்: திரையில் தெரியும் கோடுகளை உடனே நம்பாதீர்கள்.

புதர்த்தவளையின் ‘டர்ர்ர்’ காதுக்கு ஒரே இழுப்பு. 48 கிலோஹெர்ட்ஸ் பதிவை (விநாடிக்கு 48,000 ஒலி அளவீடு, அதாவது சாம்பிள்) விண்டோ சைஸ், அதாவது ஒரு தடவைக்கு எடுத்துக் கணக்கிடும் துண்டின் அளவு, 2048 வைத்துப் பார்த்தால் 100 ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஏணிப்படி மாதிரி படுக்கைக் கோடுகள். ஹார்மோனிக் (அடிப்படை அலைவெண்ணின் முழு மடங்கில் வரும் ஒலி) என்று குறித்துவிடத் தோன்றும். தவறு. 2048 சாம்பிள் என்பது சுமார் 43 மில்லி விநாடி. அந்த இழுப்போ தனித்தனித் தட்டல்கள்; தவளை தட்டுவது 10 மில்லி விநாடிக்கு ஒரு முறை. ஒரே விண்டோவுக்குள் நாலு தட்டல் விழுவதால், தட்டும் வேகமே கோடுகளாகப் பிரிந்து நிற்கிறது. 256-க்கு மாற்றுங்கள். ஏணி கலைந்து சீப்புப் பல் போல நெட்டுக் கோடுகள் வரும்; ஒவ்வொன்றாக எண்ணலாம். விசில் போன்ற உயர்ந்த குரலின் ஹார்மோனிக் இப்படி எழுந்து நிற்காது.

அதே 256-இல் நீலகிரி சிரிப்பான் என்ற பறவையின் குரல் தடித்த பட்டையாகிவிடும். நேரம் துல்லியமானால் அலைவெண் மங்கும், அலைவெண் துல்லியமானால் நேரம் மங்கும். இது கணக்கின் கட்டுப்பாடு, மென்பொருளைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனாலும் ஒரே கோப்பில் இரண்டும் கத்தும்போது மாற்றி மாற்றிப் பார்ப்பது பெரிய எரிச்சல்.

இன்னொரு பொய்க் கோடு கெயின் (பதிவின் ஒலிப்பெருக்கம்) கூடினால் வரும். 2.5 கிலோஹெர்ட்ஸ் விசிலுக்கு 7.5-இல் நிழல் தெரிந்தால் முதலில் அலைவடிவத்தின் தலை வெட்டுப்பட்டிருக்கிறதா பாருங்கள். கருவியைச் சுற்றிய பிளாஸ்டிக் பையில் மழைத்துளி விழுந்தால் அடி முதல் நுனி வரை நெட்டுக் கோடு; தவளைத் தட்டலோடு குழம்பும். அலைவெண் ஸ்கேல் ‘மெல்’ (உயர் அலைவெண்களை நெருக்கிக் காட்டுவது) என்றிருந்தால் ‘லீனியர்’ (சம இடைவெளி) ஆக்குங்கள், ஒலியைச் சுருக்கி நுணுக்கத்தை வெட்டும் எம்பி3 வேண்டவே வேண்டாம். கோப்புப் பெயர் உலக நேரத்தில் விழும்: 003000, அதாவது 00:30:00, என்றால் நம் காலை 6 மணி.

சில்வண்டு இரைச்சலுக்கு அடியில் இரண்டு தவளைகள் முறை வைத்துக் கத்துவதைக் காது பிரிக்காது, படம் பிரித்துக் காட்டும். அதைப் பார்க்கும் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை.

இருந்தும் நண்பருக்கு என் பதில், இந்த ஐப்பசிக்கு வாங்க வேண்டாம். கையிலிருக்கும் மொபைலிலேயே சுருக்காத வேவ் (WAV) கோப்பாக ஒரு தவளையைப் பதிவு செய்து, 256-இலும் 2048-இலும் பத்து நாள் பாருங்கள்.