ஏ5 வீதியில் மூன்று கம்பஸ், கொஞ்சம் விலகி ஒரு கல்லூரி

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். பிள்ளையும் அப்பாவும், சில வேளை கூடவே ஒரு மாமாவும் வருவார். பையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேடு இருக்கும். றம்பொடைப் பக்கம் உயிரியல் படிப்பிக்கிறவன் நான். அந்தக் கையேட்டை நடுவில் வைத்துக்கொண்டு என் மேசையில் எத்தனையோ வாக்குவாதம் நடந்திருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரு பேச்சு தவறாமல் வரும்: "புள்ளியை வீணாக்கக் கூடாது சேர்."

இதைச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து, நாள் கூலிக்குப் பேர் போட்டுப் பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள் ஒரு புள்ளியைக்கூட வீணாக்க விரும்பாததில் என்ன பிழை? ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி, கடையில் மாற்றுகிற காசு இல்லை. வெட்டுப்புள்ளி என்பது அந்தப் பாடநெறிக்குக் கடைசியாக உள்ளே போன பிள்ளையின் புள்ளி, அவ்வளவுதான். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை இடம் இருந்தது என்பதை அது சொல்லும். அங்கே எப்படிப் படிப்பிக்கிறார்கள், உங்கள் பிள்ளைக்கு அது ஒத்துவருமா என்பதெல்லாம் அதில் இல்லை. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டத்துக்கும், மீதி 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் உண்டு. ஆகவே மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளியும் மாறும். இதை வைத்துக் கம்பஸ்களுக்கு ஏணி கட்டினால் படிகள் ஒன்றுக்கொன்று ஒட்டாது.

எங்கள் ஊர் வழியாகப் போகும் ஏ5 வீதி பேராதனையில் தொடங்குகிறது. கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா, வெலிமடை என்று ஏறி இறங்கிப் பதுளைக்கு வரும். அங்கிருந்து பசறை, பிபிலை, மகாஓயா தாண்டிச் செங்கலடியில் முடியும். தொடக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம், நடுவில் பதுளை பசறை வீதியில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம், முடிவில் செங்கலடிக்குப் பக்கத்திலேயே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். ஒரே தார் ரோட்டில் மூன்று இருக்க, எங்கள் ஆட்களுக்குத் தெரிவது தொடக்கம் மட்டும்தான்.

பேராதனையின் பெயர் சும்மா வந்ததில்லை. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் மகாவலிக் கரைக்கு வந்தது. மிருக வைத்தியம் படிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் பேச்சை அதோடு முடித்துவிடுவேன். நாட்டில் அந்தப் பீடம் இருப்பது பேராதனையில் மட்டும்தான். கலைப்பீடத்தில் தமிழ்த்துறை உண்டு, நூலகம் பெரியது. வளாகத்துக்குள்ளேயே குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. வீட்டை விட்டு முதன்முதலாகத் தனியே போகிற பிள்ளைக்கு அந்தக் கோயில் படி எவ்வளவு ஆறுதல் என்பது போய் வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

விவசாய பீடத்தை எடுத்துப் பார்ப்போம். மண், பயிர், கால்நடை, உணவு, பொருளியல் என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் ஒரு பக்கம் திரும்புவார்கள். என்னவாகப் போகிறோம் என்று இன்னும் முடிவெடுக்காத பிள்ளைக்கு இந்த அகலம் நல்லது. ஆனால் வீட்டுக்குக் கிட்ட என்பதற்காக மட்டும் பேராதனையைப் போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பீடத்தின் செய்முறைப் பயிற்சிக்கு அநுராதபுரப் பக்கம் மகாஇலுப்பள்ளமவில் ஓர் உபவளாகம் இருக்கிறது. குளிரில் வளர்ந்த பிள்ளை அந்த வெயிலிலும் மண்வெட்டி பிடிக்க வேண்டும்.

பதுளையைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு பிள்ளையின் நினைவு வரும். அவளுடைய அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பாளாம். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு நாள் நீரிழப்பு பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து, "சேர், வாடின கொழுந்தைக் கைப்பிடியா அமுக்கிப் பாக்கணும். கையைத் திறந்ததும் பந்து மாதிரி நின்னு மெதுவா விரிஞ்சா சரி. சட்டுன்னு விரிஞ்சா இன்னும் நேரம் வேணும்" என்று சொன்னாள். கையை மூடித் திறந்தும் காட்டினாள். அன்று முழு வகுப்பும் அவளைத்தான் பார்த்தது.

அவளுடைய புள்ளிக்குப் பேராதனை விவசாயம் கிடைத்திருக்கும். அவள் முதலாவதாகப் போட்டது ஊவா வெல்லசவின் தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும். 2005இல் வந்த பல்கலைக்கழகம் என்பதால் சொந்தக்காரர்களிடம் பெயரைச் சொன்னால் "அது எங்க?" என்று கேட்பார்கள். ஆனால் நாம் நூற்றைம்பது வருடமாகத் தோளில் சுமந்த பயிரை இங்கே ஒரு பட்டமாகப் படிக்கலாம். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையமும் நம் மலையில், தலவாக்கலையில்தான் இருக்கிறது. ஸ்டோரை ஒரு தேயிலைச் சாக்கின் எடையாக மட்டும் பார்க்கப் பழகிய நம் பிள்ளைகள் அதன் விஞ்ஞானத்துக்குள் போவதை நான் பெரிதாக நினைக்கிறேன். அதே சமயம், தேயிலை வாசமே வேண்டாம், இந்த மலையை விட்டு வெளியே போனால் போதும் என்கிற பிள்ளையை அங்கே தள்ளக் கூடாது. அந்த ஆசையும் நியாயமானதுதான்.

வந்தாறுமூலை தூரம். பிபிலை தாண்டியதும் காற்று மாறும், சூடு ஏறும். ஆனால் பஸ் ஸ்டாண்டிலும் கடையிலும் போர்டிங்கிலும் தமிழ்தான். ஒரு விஷயத்தை மட்டும் பெற்றோர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். தமிழ் ஊர் என்றால் எல்லாப் படிப்பும் தமிழில் என்று நினைக்கிறார்கள். விஞ்ஞானமும் விவசாயமும் எங்கே போனாலும் ஆங்கிலத்தில்தான். கலைப்பாடங்களைத் தமிழில் படிக்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நம் ஆட்கள் எட்டியும் பார்க்காத ஓர் இடம் கல்லடியில் இருக்கிறது, சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். இசை, நடனம், நாடகம், கட்புலக்கலை எல்லாம் அங்கே உண்டு. காமன்கூத்தில் ஆடிய, தப்பு அடித்துத் தோட்டத்தையே திரட்டுகிற பையனைச் சும்மா ஒரு பட்டத்துக்காக வேறெங்கோ அனுப்பிவிட்டு, "படிப்பு ஏறலை" என்று பிறகு அவனையே குறை சொல்கிறோம். அங்கே சேர, அந்தக் கலையில் திறமை இருக்கிறதா என்று பார்க்கும் உளச்சார்புப் பரீட்சை உண்டு. அறிவித்தல் தனியாக வரும், தனியாகவே விண்ணப்பிக்க வேண்டும். கையேட்டுப் படிவத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் வாய்ப்பு போய்விடும்.

அப்புறம் பத்தனை. ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி ஏ5இல் இல்லை, தலவாக்கலை ஹட்டன் ரோட்டுப் பக்கம். இரண்டு வருடம் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பள்ளியில் பயிற்சி, கையில் தேசிய கற்பித்தல் டிப்ளோமா. "கம்பஸ் கிடைக்காதவர்கள் போகிற இடம்" என்று இதைச் சொல்கிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். எங்கள் தோட்டப் பள்ளிகளில் ஆரம்ப வகுப்புக்கு முறையாகப் பயின்ற ஆசிரியர்கள் வந்ததில் பத்தனைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு இருந்தால் முகம் மலர்கிற ஒருவருக்கு, எந்தப் பாடத்தில் என்றே தெரியாத நாலு வருடப் பட்டத்தை விட இது நூறு மடங்கு பொருந்தும். பட்டத்தைப் பிறகு வேலையோடு வேலையாகவும் படித்துக்கொள்ளலாம்.

கொழும்பில் காசு கட்டிப் படிக்கிற தனியார் பட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரச பல்கலைக்கழகத்தில் பாடக் கட்டணம் இல்லை. தனியாரில் பல இலட்சம். 2024இல்தான் தோட்டச் சம்பளம் ஒரு நாளுக்கு 1350 ரூபாய்க்கு வந்தது. நகையை அடகு வைக்க முன்னர் அந்தப் பட்டம் மானியங்கள் ஆணைக்குழுவால் ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்று பாருங்கள். விளம்பரப் பலகையை நம்பாதீர்கள்.

பெயருக்காகவே போன என் மாணவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்குத் தாதியர் படிப்பில்தான் ஆசை. வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து அவனை ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில், அவனுக்குப் பிடிக்காத பாடத்தில் போட்டார்கள். நானும் அன்று வாய் திறக்கவில்லை. விரிவுரை மண்டபத்தில் கடைசி வரிசை, கேள்வி கேட்க ஆங்கிலம் வராது, வெள்ளிக்கிழமை பின்னேரமே வீட்டுக்கு பஸ். இரண்டாம் வருடத்தில் நிறுத்திவிட்டான். ஒரு முறை பதிவு செய்தவர் பிறகு வேறு பெறுபேற்றைக் காட்டி மறுபடி உள்ளே போக முடியாது என்பது அப்போதுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது. இன்றைக்கும் டவுனில் அவனைக் கண்டால் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அதனால் இப்போது படிவம் நிரப்ப வருகிறவர்களிடம் முதலில் நான் புள்ளியைக் கேட்பதில்லை. "அங்கே படிக்கிற யாரோடாவது பேசினாயா?" என்றுதான் கேட்பேன். விடுதி எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும், முதல் வருடம் எத்தனை பேர் விழுகிறார்கள், ஆங்கிலத்துக்கு யார் கைகொடுக்கிறார்கள், பகிடிவதை (ராகிங்) எப்படி? இவற்றுக்கு உண்மையான பதில் கையேட்டில் கிடைக்காது, இரண்டாம் வருட அண்ணன் அக்காவிடம்தான் கிடைக்கும். பகிடிவதைக்கு எதிராக 1998இலேயே சட்டம் வந்துவிட்டது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். விருப்ப ஒழுங்கை அதற்குப் பிறகு எழுதலாம். மேலே போட்ட ஒன்று கிடைத்துவிட்டால் கீழே போட்டதைக் கேட்க முடியாது என்பதால், முதல் வரியில் ஊருக்காக எதையும் எழுதக் கூடாது.

ஸ்டோர்க்காரரின் மகள் படிவம் நிரப்பிய அன்று அவளுடைய அப்பா நெடுநேரம் பேசவில்லை. நகத்தில் கொழுந்துக் கறை படிந்த விரலைக் கையேட்டின் பேராதனை வரியில் வைத்திருந்தார். கடைசியில், "பதுளைக்கு எப்படி சேர் போறது?" என்று மட்டும் கேட்டார்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஏறுங்கள். நுவரெலியாவில் பஸ் மாற வேண்டும்" என்றேன்.

அவர் விரலை எடுத்துவிட்டு மகளிடம் பேனையைக் கொடுத்தார்.