"உங்க லைஃப்ஸ்டைலுக்கு ஏத்த பிளானர்"னு சொல்லி 1,850 ரூபாய முழுங்கிட்டாங்க, உஷார்

2026க்கு பிளானர் (எந்த நாளைக்கு என்ன வேலைன்னு முன்னாடியே எழுதி வெக்கற டைரி) வாங்கலாம்னு இருக்கவங்க இத படிச்சிட்டு அப்புறம் பணத்த போடுங்க. நேத்து ராத்திரி தான் வித்தவங்க என்னைய பிளாக் பண்ணாங்க, அந்த சூட்டோட தான் எழுதறேன், தப்புத்தப்பா இருந்தா கண்டுக்காதீங்க.

நான் வீட்ல பிளவுஸ் தைக்கறேன், ஆரி வொர்க்கும் உண்டு. மார்கழில கல்யாணம் கிடையாது, தை பொறந்துட்டா மூச்சு விட நேரம் இருக்காது. எந்த முகூர்த்தத்துக்கு யாரு பிளவுஸ், அட்வான்ஸ் எவ்ளோ, லைனிங் துணி குடுத்தாங்களா இல்லையா எல்லாம் ஒரே எடத்துல தெரியணும். சாதா டைரில ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அதுல வாரம் முழுசா கண்ணுல படாது. போன்ல போட்டு வெக்கலாம்னா கை பூரா சாக்பீஸ்.

அப்ப தான் ரீல்ஸ்ல ஒரு பேஜ் வந்துச்சு, கைல செஞ்ச பிளானர் விக்கிற பேஜ். பேர் போடல, வீட்ல வம்பு வேணாம்ங்கறாங்க. அந்த பொண்ணு பேசுன விதம் இருக்கே! ஆர்டர் எடுக்கறதுக்கு முன்னாடி வாய்ஸ் நோட்ல கேக்குது, "அக்கா நீங்க காலைல உக்காந்து எழுதுவீங்களா, இல்ல எல்லாரும் தூங்குனப்புறமா? உங்களுக்கு வாரம் ரெண்டு பக்கமா விரியற மாதிரி போடறேன், ஓரத்துல அமாவாசை, முகூர்த்த நாள், ராகு காலம் எல்லாம் வரும், ஏ5 சைஸ், 100 ஜிஎஸ்எம் பேப்பர், ஜெல் பேனா ஊறாது." உனக்கு எப்பம்மா நேரம் கெடைக்குதுன்னு எங்க வீட்ல ஒருத்தரும் கேட்டதில்லைங்க. 1,850 ரூபாய் ஒரு நோட்டுக்கான்னு வீட்டுக்காரர் மொறைச்சாரு, நம்ம வேலைக்குன்னே செஞ்சு குடுக்கறாங்கன்னு சொல்லி கியூஆர் ஸ்கேன் பண்ணி முழுசா போட்டேன். கேஷ் ஆன் டெலிவரி கேட்டதுக்கு "கஸ்டமைஸ்டுக்கு கெடையாதுக்கா"ன்னுட்டாங்க.

பார்சல் வந்துச்சு. அட்டைல தங்கக் கலர்ல 2026, என் பேரு வேற, பாக்க அம்சமா தான் இருந்துச்சு. பொங்கலுக்கு குடுக்க வேண்டிய ஆர்டர எழுதலாம்னு தொறந்தா, ஜனவரி 14 செவ்வாய்க்கிழமை பொங்கல்னு போட்டிருக்கு. செவுத்துல தொங்கற கேலண்டர்ல 15ஆம் தேதி வியாழக்கிழமை. என்னடான்னு முன்னாடி பொரட்டுனா ஜனவரி 1 புதன்கிழமை, தை அமாவாசை 29. 2026ல தை அமாவாசை ஜனவரி 18, ஞாயித்துக்கிழமை! உள்ள இருக்கறது அத்தனையும் 2025 தாளு. எங்க தெருவுல பைண்டிங் வேலை பாக்கற அண்ணன்கிட்ட காட்டுனேன், முதுகுப் பக்கம் நகத்தால கீறிப் பாத்துட்டு, "போன வருஷம் விக்காம கெடந்த அச்சுத் தாளும்மா, அட்டை மட்டும் தான் புதுசு, தையலே இல்ல, வெறும் கம்மு"ன்னாரு. அவரு கைலயே பிப்ரவரி பக்கம் ரெண்டு கழண்டு வந்துச்சு. 100 ஜிஎஸ்எம்னாங்களே, ஜெல் பேனால ஒரு வரி எழுதுனேன், பின்னாடி பக்கத்துல கண்ணாடில பாக்கற மாதிரி தலைகீழா தெரியுது. முகூர்த்த நாளா? ஒண்ணுமே இல்ல.

சரி தெரியாம மாத்தி அனுப்பிருப்பாங்கன்னு பொறுமையா தான் மெசேஜ் போட்டேன். மொதல்ல "ஐயோ சாரிக்கா, டீம்கிட்ட சொல்லிட்டேன்". அடுத்து "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா? வீடியோ இல்லன்னா கிளெய்ம் பண்ண முடியாது". அடேய், தேதி தப்பா அச்சடிச்சது வீடியோ எடுத்தா மாறிருமா? அப்புறம் "டேட் ஸ்டிக்கர் அனுப்பறோம், ஒட்டிக்கோங்க". 365 ஸ்டிக்கர் ஒட்டறதுக்கா 1,850 ரூபாய்? கடைசியா "பேர் போட்ட பொருள ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் மேம்". பணம் வாங்கற வரைக்கும் அக்கா, வாங்கிட்டா மேம்! ரீல்ஸுக்கு கீழ கமெண்ட் போட்டேன், அழிச்சிட்டாங்க, மறுபடி போட்டேன், பிளாக். பேங்க்ல கேட்டா நீங்களே தான பின் போட்டு அனுப்பிருக்கீங்கங்கறாங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி புகார் குடுத்திருக்கேன். 2020ல வந்த இ-காமர்ஸ் விதில, குறை இருக்கற பொருள திரும்ப எடுக்க மாட்டேன்னு விக்கிறவங்க சொல்லக் கூடாதுன்னு இருக்கு. அதையும் அந்த பொண்ணுக்கு அனுப்பலாம்னா எப்படி அனுப்பறது, பிளாக்குல்ல!

யாருக்கு வார பிளானர், யாருக்கு தினசரி, ஸ்கூல் டீச்சருக்கு எது, கடை வெச்சிருக்கவங்களுக்கு எதுன்னு விளக்கமா எழுதணும்னு தான் உக்காந்தேன், எரிச்சல்ல ஒண்ணும் ஓட மாட்டேங்குது. தோணுனத மட்டும் சொல்றேன். பணம் போடறதுக்கு முன்னாடி ஜனவரி 1 இருக்கற பக்கத்த வீடியோவா கேளுங்க, 2026ன்னா வியாழக்கிழமை இருக்கணும். அட்டைய மட்டும் காட்டுனா ஓடிருங்க. தேதியே போடாத பிளானர் கெடைச்சா அத வாங்குங்க, நாமளே எழுதிக்கலாம், பழசு புதுசுங்கற பேச்சே வராது. தையல் போட்டதான்னு கேளுங்க. தனியாள் பேர்ல இருக்கற கியூஆருக்கு முழுப் பணத்தையும் அனுப்பாதீங்க. பார்சல் பிரிக்கறப்ப வீடியோ எடுங்க, நமக்கு வேணுமோ வேணாமோ அவங்க அதத்தான் கேப்பாங்க. பணம் வாங்கிட்டு பொருளே அனுப்பலன்னா சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு உடனே கூப்டுங்க, லேட் பண்ணாதீங்க.

1915ல இருந்து ஏதாச்சும் சொன்னா கீழ போடறேன். எனக்கு பிளவுஸ் குவிஞ்சு கெடக்கு, 1,850 ரூபாய சம்பாதிக்க இன்னும் எத்தன பிளவுஸ் தைக்கணுமோ.