தேடி வருபவரா, பார்த்து வருபவரா: தர்மபுரி, கிருஷ்ணகிரி கடைகளுக்கு எந்த இணைய விளம்பரம் பொருந்தும்?

அரூரில் சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையும் பர்கூரில் சேலை விற்கும் ஜவுளிக்கடையும் ஒரே இடத்தில் விளம்பரப் பணத்தைப் போட்டால், இரண்டில் ஒன்றுக்கு அது நிச்சயம் வீண். மோட்டார் எரிந்துபோன விவசாயி அன்றைக்கே ஆள் தேடுவார். போனை எடுத்து கூகுளில் தட்டுவார், முதலில் எடுப்பவரிடம் வேலையைக் கொடுப்பார். சேலையை அப்படி அவசரமாகத் தேடுபவர்கள் குறைவு. கண்ணில் பட்டு, நிறம் பிடித்து, விலையும் ஒத்துவந்தால்தான் வாங்கத் தோன்றும். உங்கள் வாடிக்கையாளர் இந்த இரண்டில் எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள். கூகுளா, இன்ஸ்டாகிராமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

கூகுள் மேப்: எல்லோருக்கும் முதல் வேலை

தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடையைக் காட்டும் பக்கமான கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று அழைக்கப்பட்டது இதுதான். தேடலில் யாரை முன்னால் காட்டுவது என்பதற்கு கூகுள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: தேடிய சொல்லோடு உங்கள் தொழில் எவ்வளவு பொருந்துகிறது, தேடுபவருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறீர்கள், எவ்வளவு அறியப்பட்டவர். தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன.

பொருத்தம் பெரும்பாலும் தொழில் வகையைப் பொறுத்தது. முதன்மை வகை ஒன்று, கூடுதலாக 9 வரை சேர்க்கலாம். காயில் கட்டும் பட்டறை 'ஹார்டுவேர் கடை' என்று பதிவாகியிருந்தால், மோட்டார் ரிப்பேர் தேடுபவருக்கு அது தென்படுவது கடினம். கடைப் பெயரில் பலகையில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். 'தர்மபுரி பெஸ்ட் மோட்டார் சர்வீஸ் ரீவைண்டிங்' என்று தேடல் சொற்களை அடுக்குவது விதிமீறல். போட்டிக்கடைக்காரர் புகார் கொடுத்தால் பெயர் திருத்தப்படும், சில சமயம் பக்கமே முடங்கும்.

மேப்பில் குத்தும் பின் நம் ஊரில் பெரிய விஷயம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி மூன்றையும் தொட்டுச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் பின் எதிர்ப்பக்கம் விழுந்துவிட்டால், வண்டி அடுத்த பாலம் வரை போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும். பாதிப் பேர் வழியில் உள்ள வேறு கடைக்குப் போய்விடுவார்கள். பின்னை சர்வீஸ் ரோட்டில் உங்கள் வாசலிலேயே வையுங்கள். பிறகு வேறொருவர் போனில் வழிகாட்டியைப் போட்டு, வண்டியில் வந்து சரிபாருங்கள். அமாவாசைக்குக் கடை மூடுபவர்கள் அந்த நாட்களைச் சிறப்பு நேரத்தில் முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். 'திறந்திருக்கிறது' என்று நம்பிப் பத்து கிலோமீட்டர் வந்தவர் ஒரே நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்.

ரிவ்யூ வேண்டுமானால் உங்கள் பிசினஸ் புரொஃபைலிலேயே கிடைக்கும் கியூஆர் கோடை அச்சிட்டு பில் போடும் இடத்தில் ஒட்டுங்கள். ரிவ்யூவுக்குத் தள்ளுபடியோ பரிசோ தருவதை கூகுள் தடை செய்திருக்கிறது.

பணம் போட்டால் எங்கே: கூகுள் தேடலா, ஃபேஸ்புக்-இன்ஸ்டாகிராமா?

அவசரமாகத் தேவைப்படும் சேவைக்கும் தொழிற்சாலைகளுக்கு வேலை செய்து கொடுப்பவர்களுக்கும் கூகுள் தேடல் விளம்பரம். மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க் சுத்தம், ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சி.என்.சி. ஜாப் ஒர்க் பட்டறைகள் எல்லாம் இதில் அடங்கும். ஜவுளி, பேக்கரி, ஆரி ஒர்க், மாம்பழப் பெட்டி, ஒகேனக்கல் பக்கத்து விடுதி ஆகியவற்றுக்கு ஃபேஸ்புக்-இன்ஸ்டாகிராம். இரண்டிலும் பணம் ஒழுகும் ஓட்டைகள் வேறு வேறு.

கூகுளில் முதல் ஓட்டை இடம். இடத் தேர்வில் 'அங்கே இருப்பவர்கள் அல்லது அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்கள்' என்பதே தானாகத் தேர்வாகியிருக்கும். அதை 'அங்கே இருப்பவர்கள்' என்று மாற்றாவிட்டால் சென்னையில் உட்கார்ந்து தர்மபுரியைத் தேடுபவரும் உங்கள் காசில் கிளிக் செய்வார். ஊர்ப் பெயரால் வரும் சிக்கலும் உண்டு. தெலங்கானாவின் ஜகித்யால் மாவட்டத்தில் நரசிம்மர் கோயிலுக்குப் பெயர்பெற்ற ஒரு தர்மபுரி இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் சேலை விற்பவருக்கு இன்னும் கஷ்டம்: 'போச்சம்பள்ளி சேலை' என்று தேடுபவர்களில் பெரும்பாலோர் தெலங்கானாவின் இக்கத் நெசவைத்தான் தேடுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு அவர் விளம்பரம் போடவே வேண்டாம்.

இரண்டாவது ஓட்டை சொல் பொருத்தம். நீங்கள் கொடுக்கும் சொல்லோடு எவ்வளவு ஒத்த தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்பதற்கு பிராட் (சம்பந்தப்பட்ட எல்லாத் தேடலும்), ஃபிரேஸ் (அந்தச் சொல்லின் பொருள் அடங்கிய தேடல்), எக்ஸாக்ட் (அதே பொருளுள்ள தேடல் மட்டும்) என மூன்று வகை உண்டு. நாளுக்கு 300 ரூபாய் செலவழிப்பவர் பிராடைத் தொடாமல் ஃபிரேஸில் பத்துப் பதினைந்து சொற்களோடு தொடங்குவது நல்லது. வேலை, சம்பளம், பயிற்சி, இலவசம், செகண்ட் ஹேண்ட் போன்றவற்றை, விளம்பரம் வரக்கூடாத சொற்களுக்கான நெகட்டிவ் பட்டியலில் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். பிறகு வாரம் ஒருமுறை 'தேடல் சொற்கள்' அறிக்கையைத் திறந்து, சம்பந்தமில்லாதவற்றையும் அதில் தள்ளுங்கள். மொழித் தேர்வு இருந்தால் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் டிக் செய்யுங்கள். பாலக்கோடு என்ற ஊரையே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள், தமிழ் எழுத்தில் தேடுபவர் தனி. சொற்பட்டியலில் இத்தனையும் இருக்கட்டும். தேடல் விளம்பரம் உருவாக்கும்போது டிஸ்பிளே நெட்வொர்க் (பிற தளங்கள், ஆப்கள்) என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கேம் ஆடும் குழந்தைகளின் விரல்பட்டே பட்ஜெட் தீர்ந்துவிடும்.

நாளுக்கு 300 என்று வைத்தாலும் ஒரே நாளில் 600 வரை கழியலாம். மாதக் கணக்கில் 30.4 மடங்கை, அதாவது 9,120 ரூபாயைத் தாண்டாது. போன் எடுக்க ஆள் இல்லாத நேரத்தில் விளம்பரம் ஓடக்கூடாது. அதற்கென்றே நேர அட்டவணை இருக்கிறது.

ஃபேஸ்புக்-இன்ஸ்டாகிராம் பக்கம் வந்தால், 'பூஸ்ட்' பொத்தான் எளிதாகத் தெரியும். ஆனால் பணத்தைக் கட்டுப்படுத்த, விளம்பரங்களை விவரமாக அமைக்கும் ஆட்ஸ் மேனேஜர்தான் சரி. நீங்கள் எந்த நோக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, அதைச் செய்யும் பழக்கம் உள்ளவர்களையே ஃபேஸ்புக் தேடிப் பிடிக்கும். லைக் கேட்டால் எல்லாப் படத்துக்கும் லைக் போடுபவர்கள் வருவார்கள். விற்பனை வேண்டுமானால் வாட்ஸ்அப் மெசேஜ் வரும்படியான நோக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஓசூர்க்காரர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது வட்டம். ஓசூரில் பின் குத்தி 25 கிலோமீட்டர் வட்டம் போட்டால் அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி எல்லாம் உள்ளே வந்துவிடும். மக்கள்தொகை அந்தப் பக்கமே அதிகம் என்பதால் பணமும் அங்கேயே ஓடும். பேக்கரிக்கு கேக் வாங்க அத்திப்பள்ளியிலிருந்து யார் வருவார்? கர்நாடகத்தை விலக்கு இடமாகச் சேர்த்துவிடுங்கள். ரோஜாப்பூ மொத்த வியாபாரி என்றால் நேர்மாறு: பெங்களூருதான் அவருடைய சந்தை, அவர் அதைத் தனியாகக் குறிவைக்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகள் நிறைய. அதே வீடியோவுக்கு அந்த மொழிகளில் குரல் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது பெரிய செலவில்லை.

குறைந்த பட்ஜெட்டை ஐந்து ஆட் செட்டாக (ஒரே பட்ஜெட்டும் ஒரே இலக்கும் கொண்ட விளம்பரத் தொகுப்பு) பிரிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று ஒரு ஆட் செட் சரியாகக் கற்றுக்கொள்ள வாரத்துக்குச் சுமார் 50 பலன்கள் தேவை என்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனமே சொல்கிறது. 300 ரூபாயை ஐந்தாகப் பிரித்தால் எதுவும் அந்த எண்ணிக்கையை நெருங்காது. ஒரே ஆட் செட், அதில் மூன்று வீடியோ, ஒரு வாரம் கை வைக்காமல் விடுங்கள். நடுவில் பட்ஜெட்டையோ யாருக்குக் காட்டுவது என்பதையோ பெரிதாக மாற்றினால் கற்றல் மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடும். வீடியோ போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்ததாக, முதல் மூன்று நொடியில் பொருளும் விலையும் தெரிவதாக இருக்க வேண்டும். விலையை மறைத்தால் 'விலை என்ன?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகும் மெசேஜ்களுக்குப் பணம் கட்டுவீர்கள்.

கிருஷ்ணகிரி மாம்பழத்தைப் பெட்டியில் அனுப்புபவர்களுக்கு இந்த வழி மிகவும் பொருந்தும். சென்னை, கோவை, பெங்களூரு என நகரங்களைத் தேர்ந்தெடுத்து, ரகம், பெட்டியின் நிகர எடை, கூரியர் கட்டணம் சேர்த்த விலை, எத்தனை நாளில் வரும், கார்பைடு இல்லாமல் பழுக்கவைத்தது என்ற விவரங்களை வீடியோவிலேயே சொல்லிவிடுங்கள். இங்கே கெடுவது பெரும்பாலும் விளம்பரம் இல்லை, அளவு. நாளைக்கு எத்தனை பெட்டி கட்ட முடியுமோ அந்த எண்ணிக்கை ஆர்டர் வந்ததும் விளம்பரத்தை நிறுத்தி வையுங்கள். இரண்டு நாள் தாமதமாகப் போன அல்போன்சா பெட்டியில் பாதி அழுகியிருக்கும். அந்தப் படம் உங்கள் பதிவின் கமென்ட்டிலேயே வந்து நிற்கும்.

இரண்டு இடத்திலும் 18% ஜி.எஸ்.டி. உண்டு. கூகுளில் முன்பணமாக 1,000 ரூபாய் ஏற்றினால் விளம்பரத்துக்குக் கிடைப்பது சுமார் 847 ரூபாய்தான். வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் அந்த எண்ணை விளம்பரக் கணக்கில் சேர்த்தால், இந்த வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் பிசினஸ்

புது ஆளைக் கொண்டுவரும் வேலையை இது தனியாகச் செய்யாது. வந்தவரை விடாமல் பிடித்துக்கொள்ளும், அதுவும் இலவசமாக. கேட்டலாக் என்ற பொருள் பட்டியலில் 500 பொருள் வரை விலையோடு வைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். ஆகவே பில் கொடுக்கும்போதே 'எண்ணை சேவ் பண்ணிக்குங்க அக்கா, புது ஸ்டாக் வந்தா அனுப்புறோம்' என்று சொல்லப் பழக வேண்டும். விலைக்கு வாங்கிய எண் பட்டியலுக்கு அனுப்பினால் பலர் பிளாக் செய்வார்கள், எண்ணே முடங்கிப்போகும்.

ஊர்ப் பக்கங்களும் டைரக்டரிகளும்

ஊர்ப் பெயரில் நடக்கும் இன்ஸ்டாகிராம் பக்கங்கள் ஒரு ரீலுக்குத் தொகை கேட்பார்கள். ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். எந்த நகரங்களில் பார்க்கிறார்கள் என்ற இன்சைட்ஸ் திரையை உங்கள் கண்முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் வெளியூரில் இருந்தால் ஹோட்டலுக்கு அது உதவாது. புதுக்கடை திறப்புக்கு இது நல்லது, மாதாமாதம் செய்யத் தேவையில்லை.

விற்பவர்களைப் பட்டியலிடும் இந்தியாமார்ட் போன்ற டைரக்டரித் தளங்கள் கிரானைட், மாங்கூழ், இயந்திர உதிரிபாகம் மாதிரி மொத்த வியாபாரத்துக்கு. ஒரே விசாரணை பல விற்பனையாளர்களுக்கும் போகும் என்பதால் முதலில் அழைப்பவருக்கே வாய்ப்பு. அழைக்க ஆள் இல்லாமல் ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள்.

எது வேலை செய்தது என்று தெரிய ஒவ்வொரு வழிக்கும் ஒரு அடையாளம் வையுங்கள். இன்ஸ்டாகிராம் விளம்பரத்திலிருந்து வாட்ஸ்அப்புக்கு வருபவர் அனுப்பும் முதல் வரியை நீங்களே எழுதி வைக்கலாம். கூகுளுக்குத் தனி சிம். கடைக்கு நேரில் வருபவரிடம் 'எப்படிங்க தெரிஞ்சுது?' என்று கேட்டு பில் நோட்டின் ஓரத்தில் ஒரு எழுத்து. உதாரணமாக, 10 நாளில் 3,000 ரூபாயும் வரி 540-உம் செலவாகி 20 விசாரணை வந்து 4 பேர் வாங்கினால், ஒரு விற்பனைக்கு 885 ரூபாய். சேலைக்கு லாபம் 400 ரூபாய்தான் என்றால், அந்த நான்கு பேரும் மறுபடி வருவார்களா என்பதை வைத்துத்தான் விளம்பரத்தைத் தொடர வேண்டும்.