ஒரு சொல்லுக்கு ஒன்றரை மணி நேரம்: பவானி ஆங்கில மாலை வகுப்பு

பவானி கூடுதுறைக்கு அருகே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நடத்தும் ஆங்கில மாலை வகுப்புக்கு என் மகளுடன் இரண்டு மாதங்களாகச் சென்று வருகிறேன். சென்ற வாரம் ‘அபண்டன்ஸ்’ என்ற ஒரே சொல்லை அவர் ஒன்றரை மணி நேரம் நடத்தினார்.

மிகுதி, வளம் என்று பொருள் சொல்லிவிட்டு நகராமல், லத்தீனில் ‘உண்டா’ என்றால் அலை என்றும், அலையாய்ப் பொங்கிக் கரை வழிவதைக் குறித்த ‘அபுண்டாரே’ என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது என்றும் விளக்கியவர், ஆடி 18 அன்று நாம் கொண்டாடும் ‘பெருக்கு’ம் ஆற்றுநீர் தந்த சொல்தானே என்று கேட்டபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. இரு மொழிகளும் செழிப்பை நீரில் கண்டிருப்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

அதே மிகுதியைக் குறிக்கும், ஐரிஷ் மொழியிலிருந்து வந்த ‘கலோர்’ என்ற சொல் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்தான் வரும் என்பதை, ‘ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் ஏராளம்’ என்ற நம் வழக்கோடு ஒப்பிட்டுக் காட்டினார். மிகுதியைக் குறிக்கும் இன்னொரு சொல்லான ‘ப்ளெத்தோரா’ முதலில் உடலில் இரத்தம் மிகுந்துவிட்ட நோய்நிலையைக் குறித்த மருத்துவச் சொல் என்பதால், தேவைக்கு மேல் குவிந்தவற்றுக்கே அது பொருந்தும் என்றார்.

எழுத்துப் பயிற்சி மட்டும் போதவில்லை. வாரம் ஒரு கட்டுரையாவது எழுதவைத்துத் திருத்தித் தர வேண்டும். பேச்சுப் பயிற்சியை மட்டும் நாடுவோருக்கு இவ்வகுப்பு மெதுவாகத் தோன்றலாம். சொல்லின் வேர்வரை சென்று கற்க விரும்பும் மாணவர்களைத் தயங்காமல் சேர்த்துவிடலாம்.