ஐந்து சொல் தட்டினேன், ஐந்துக்கும் கோமாளி வந்தார்

போனில் ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி ஆப் வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு ஆப்பைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எட்டு மாதமாகக் கையில் இருக்கிறது, நெட் இல்லாவிட்டாலும் திறக்கிறது, தேடினால் சட்டென்று வருகிறது, விளம்பரம் குறுக்கே பாய்வதில்லை. இதெல்லாம் சரி. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் வரும் கல்லறைக் காட்சியை மூலத்திலேயே படித்துப் பார்ப்போமே என்று ஒருநாள் ராத்திரி உட்கார்ந்தேன் பாருங்கள், அங்கேதான் சாயம் வெளுத்தது.

அந்தக் காட்சி 'இரண்டு கிளவுன்கள் வருகிறார்கள்' என்று தொடங்கும். தட்டினேன்: கோமாளி. அவ்வளவுதான், வேறு பொருள் கிடையாது. சிவப்பு மூக்கு ஒட்டிக்கொண்டு இரண்டு பேர் மண்வெட்டியோடு வருவதாகக் கற்பனை பண்ணிக்கொண்டே மேலே போனேன். குழி தோண்டுகிறவன் ஒரு மண்டை ஓட்டை எடுத்துப் போடுகிறான், இது ராஜாவின் ஜெஸ்டர் யோரிக்குடையது என்கிறான். ஜெஸ்டரைத் தட்டினால் அதற்கும் கோமாளி. ஆக, கோமாளி தோண்டிய குழியில் கோமாளியின் மண்டை ஓடு. தன் மண்டையைத் தானே தோண்டி எடுத்துவிட்டானோ என்று ஒரு நிமிடம் குழம்பித்தான் போனேன்.

விடுவேனா, பபூன், ஜோக்கர், ஃபூல் மூன்றையும் வரிசையாகத் தட்டினேன். முதல் இரண்டுக்கும் கோமாளி. ஃபூலுக்கு மட்டும் முட்டாள் என்று ஒரு சொல் கூடுதல், பக்கத்திலேயே மறுபடியும் கோமாளி.

ஆப் சொல்லாமல் விட்டது என்ன தெரியுமா? ஷேக்ஸ்பியர் காலத்தில் கிளவுன் என்றால் முதலில் பட்டிக்காட்டான் என்றுதான் பொருள். நாகரிகம் தெரியாத, கொச்சையாகப் பேசுகிற ஆள். அப்படிப்பட்டவன் மேடையில் வந்தால் சிரிப்பு வரும், அதனால் மேடையில் சிரிக்க வைக்கிற பாத்திரத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வெள்ளை முகப்பூச்செல்லாம் ரொம்பப் பிற்பாடு. ஜோசப் கிரிமால்டி (1778–1837) என்ற லண்டன் மேடைக்காரர் பிரபலமாக்கிய முகத்திலிருந்துதான் நமக்குத் தெரிந்த கிளவுன் வருகிறது. ஜெஸ்டரின் கதையே வேறு. வீரர்களின் சாகசங்களைச் சொல்லிப் பிழைத்தவனுக்கு இருந்த பெயர் அது, பிறகு அரசவையில் சம்பளம் வாங்கிக்கொண்டு சிரிக்க வைக்கிறவனுக்குப் போய்விட்டது. இவனுக்கு எஜமான் உண்டு, கிளவுனுக்கு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பபூனின் வேர் இத்தாலியச் சொல், கன்னத்தை உப்பி ஊதுவதிலிருந்து வந்தது. ஃபூலின் வேர்ச்சொல்லுக்கு லத்தீனில் துருத்தி என்று பொருள், அதாவது உள்ளே வெறும் காற்று!

இத்தனை பேரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைக்கத் தமிழில் என்ன சொல் பஞ்சமா? அரசவை ஆளுக்கு விதூஷகன் இருக்கிறான், சமஸ்கிருத நாடகத்தில் ராஜாவுக்குத் தோழனாகக் கூடவே வருகிறவன், ஜெஸ்டருக்கு அச்சாகப் பொருந்தாவிட்டாலும் கோமாளியைவிட எவ்வளவோ கிட்டே. வாய்ச் சாதுரியத்துக்கு விகடகவி (திருப்பிப் படித்தாலும் விகடகவிதான்). கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான், ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுவதும் அவனே, அந்த ராஜாவையே கிண்டலடிப்பதும் அவனே. பபூன் நம் இசை நாடகத்தில் வந்து குடியேறி நாளாயிற்று, அதை மொழிபெயர்க்கவே வேண்டாம். ஜோக்கரும் அப்படித்தான், ஆனால் அதில் ஒரு வேடிக்கை, சீட்டாட்டத்தில் ஜோக்கர் வந்தால் முகம் மலரும், அதே சொல்லால் ஆளைக் கூப்பிட்டால் சண்டை வரும்.

கோமாளி மட்டமான சொல் என்று நான் சொல்லவில்லை. வேஷம் போட்டு மற்றவரைச் சிரிக்க வைக்கிறவனுக்கு அதைவிட நல்ல சொல் கிடையாது. கோமாளித்தனம் என்று நீட்டலாம், விதூஷகத்தனம் என்று நீட்டினால் வாய் சுளுக்கும். 'டோன்ட் பி எ கிளவுன்' என்பதற்குக் 'கோமாளித்தனம் பண்ணாதே' கச்சிதம். எந்த இடத்தில் எது என்று காட்டத்தானே அகராதி? இங்கே எடுத்துக்காட்டு வாக்கியம் ஐந்து சொல்லுக்கும் ஒன்றே ஒன்று: 'அவன் ஒரு கோமாளி.' இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அப்புறம் அந்த ஒலிபெருக்கிப் பொத்தான். கிளவுனுக்கு அதை அழுத்தினால் ஒரு பெண் குரல் தெளிவாக 'க்ளோன்' என்கிறது. நகலெடுப்பதாமே, அந்த க்ளோன். ஒரு கோமாளியை ஐந்தாக நகலெடுத்தவர்களுக்கு இது பொருத்தம்தான்.

அழித்துவிடவில்லை. செடிகொடிப் பெயர், அலுவலகச் சொற்கள், எழுத்துச் சந்தேகம் இதற்கெல்லாம் நன்றாகவே உதவுகிறது. நாடகம், கதை, பழைய ஆங்கிலம் படிக்கிறவர்கள் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். 5க்கு 2 நட்சத்திரம், அதில் ஒன்று நெட் இல்லாமல் திறப்பதற்கு. 'திருத்தம் சொல்க' என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் 'கிளவுன்: பட்டிக்காட்டான் (பழைய வழக்கு)' என்று எழுதி அனுப்பினேன். 'பரிசீலனையில்' என்று மஞ்சள் எழுத்தில் காட்டுகிறது, மூன்று வாரமாக.