லேட்டா வந்தா சம்பளம் வெட்டுறதோ, காரணம் கேக்கிறதோ?

கிளிநொச்சிப் பக்கம் கார்மென்ட்ஸ் வேலைக்கு வாற பிள்ளையள் லேட்டானா எது சரி? சம்பளத்திலை வெட்டுறது மேனேஜருக்கு லேசு, ஆனா 2000ஆம் ஆண்டு வந்த ஒரு ஆய்விலை, இஸ்ரேலிலை ஹைஃபா நகரத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையங்களிலை, பிந்தி வந்து பிள்ளையைக் கூட்டிப்போற தாய் தேப்பனுக்குத் தண்டம் போட, பிந்திறது குறையாமல் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காக் கூடிட்டுது, பிறகு தண்டத்தை எடுத்தும் இறங்கேல்லை. காசு கட்டியாச்சு எண்டா மனம் உறுத்தாது, அதுதான்.

கூப்பிட்டுக் காரணம் கேக்க நேரம் பிடிக்கும், உண்மை. ஆனா மாங்குளத்திலை உள்ரோட்டாலை சைக்கிள் உழக்கி ஏ9க்கு வந்து பஸ் பிடிக்கிற பிள்ளைக்கு பஸ்தான் பிரச்சினை எண்டு அப்பத்தான் தெரியும், வேலை தொடங்கிறதை 15 நிமிஷம் தள்ளினாலே சரியாகலாம். நானெண்டா முதல் கேப்பன். பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளையின்ரை சம்பளத்திலை கைவைக்க எனக்கு மனம் வராது.